போர்ஷன் முடிந்துவிட்டதா?

ஜனவரி பிறந்துவிட்டால் எந்தப் பள்ளியின் ஆசிரியர் அறையிலும் இந்தக் கேள்வி கேட்கும். தலைமையாசிரியர் கேட்பார். ஆய்வுக்கு வரும் அலுவலர் கேட்பார். பெற்றோர் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா கேட்பார். கணக்கு ஆசிரியராக நானும் பல ஆண்டுகள், "இன்னும் இரண்டு பாடம்தான் சார், பிப்ரவரி முதல் வாரத்தில் ரிவிஷன் தொடங்கிவிடலாம்" என்று பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவர் நிம்மதியாகப் போவார். நானும் நிம்மதியாக வகுப்புக்குப் போவேன்.

பின்னாளில் பி.எட். மாணவர்களுக்கு வகுப்பெடுக்கத் தொடங்கியபோதுதான் அந்தக் கேள்வியில் எது விட்டுப்போயிருக்கிறது என்று உறைத்தது. போர்ஷன் என்றால் புத்தகத்தின் பக்கங்கள். அவற்றை முடிப்பவர் ஆசிரியர். மாணவர் அந்த வாக்கியத்தில் எங்குமே இல்லை. கலைத்திட்டம் பற்றிக் கல்வியியலில் ஒரு நூற்றாண்டாக நடந்துவரும் பேச்சின் பெரும்பகுதி, அந்த மாணவரை வாக்கியத்துக்குள் கொண்டுவருவதற்கான முயற்சிதான்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கலைத்திட்டம், பாடத்திட்டம், பாடநூல் ஆகிய மூன்றையும் நாம் ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்துகிறோம். ஜூன் மாதம் பெற்றோர் "அங்கே எந்த சிலபஸ்?" என்று கேட்கும்போது மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிறார்கள். பாடநூல் கையில் பிடிக்கக்கூடிய பொருள். பாடத்திட்டம் என்பது ஒரு பாடத்தில் ஓராண்டில் எந்தெந்த அலகுகளை, எந்த வரிசையில் நடத்த வேண்டும் என்ற பட்டியல். கலைத்திட்டம் இவ்விரண்டையும் உள்ளடக்கிய பெரிய வட்டம். ஒரு குழந்தை எதற்காகப் படிக்கிறது, எதைப் படிக்கிறது, எப்படிப் படிக்கிறது, படித்துவிட்டது என்பது எப்படித் தெரியும் என்பது வரை பள்ளி தன் பொறுப்பில் வைத்திருக்கும் எல்லாமே கலைத்திட்டம்தான். விளையாட்டுத் திடலும் நூலக அலமாரியும் காலை வழிபாட்டுக் கூட்டமும்கூட அந்த வட்டத்துக்குள்தான் வருகின்றன.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல என்பதை 2011இல் தமிழ்நாடே நேரில் பார்த்தது. அதற்கு முன்புவரை மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு வழிகள் இருந்தன. ஒரே தெருவில் வளரும் இரண்டு குழந்தைகள் ஒரே வயதில் வெவ்வேறு கணக்கைப் படித்தார்கள். 2006இல் முனைவர் ச. முத்துக்குமரன் தலைமையில் குழு அமைந்தது. 2010இல் சமச்சீர் கல்விக்குச் சட்டம் வந்தது. அந்தக் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் பொதுப் பாடநூல்கள் வந்தன. மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கு வரவேண்டிய நேரத்தில் ஆட்சி மாறியது. புதிய அரசு அதை நிறுத்திவைக்கச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. ஆகஸ்ட் 9 அன்று, பத்து நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து அந்தத் தீர்ப்பு வரும்வரை பெரும்பாலான மாணவர்கள் கையில் பாடநூல் இல்லை. பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தார், மாணவர் வந்தார், மணி அடித்தது. ஆனாலும் "பாடம் நடக்கவில்லை" என்றே எல்லோரும் பேசினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியை அந்த வாரங்களில் மாணவர்களைத் தங்கள் ஊர்க் கதைகளைக் கேட்டு எழுதிவரச் சொன்னார். வாக்கியம் அமைக்கத் திணறிய பிள்ளைகள் நான்கு பக்கம் எழுதினார்கள். புத்தகம் வந்ததும் அந்த நோட்டுகள் மூடப்பட்டன. "போர்ஷன் ரெண்டு மாசம் பின்தங்கிவிட்டது, இனி இதற்கெல்லாம் நேரம் இல்லை" என்று அவரே சொன்னார். எழுதவும் சிந்திக்கவும் கற்பிப்பதுதான் தமிழ்ப் பாடத்தின் நோக்கம் என்றால், அவர் முன்னே போயிருந்தார். அவரது கணக்கில் அது பின்தங்கல் ஆகிவிட்டது. பாடநூலைக் கலைத்திட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டால் இப்படித்தான் ஆகும்.

சரி, ஒரு கலைத்திட்டத்தை எப்படி உருவாக்குவது? 1949இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் டைலர் நான்கு கேள்விகளை முன்வைத்தார். பள்ளி எந்த நோக்கங்களை அடைய விரும்புகிறது? அவற்றை அடைய எத்தகைய அனுபவங்களைத் தரலாம்? அந்த அனுபவங்களை எப்படி ஒழுங்குபடுத்துவது? நோக்கங்கள் நிறைவேறினவா என்று எப்படி அறிவது? இன்றும் உலகெங்கும் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் இந்த நான்கும் சொல்லித்தரப்படுகின்றன. அவை எழுதப்பட்ட வரிசையைக் கவனியுங்கள். நோக்கம் முதலில், மதிப்பீடு கடைசியில்.

இதற்கு ஓர் உதாரணம் தேடி அமெரிக்கா போகவேண்டியதில்லை. நம் திண்ணைப் பள்ளிகளில் நோக்கம் மிகத் தெளிவாக இருந்தது. மணலில் எழுதிப் பழகிய பிள்ளை பிறகு எண்சுவடிக்கு வரும். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்று மனப்பாடம் நீளும். பொன்னிலக்கம் எண்ணுக்கும் பின்னத்துக்கும், நெல்லிலக்கம் தானிய அளவுக்கு, குழிமாற்று நிலப் பரப்புக்கு. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நெல்லும் நிலமும் பொருளாதாரமாக இருந்த ஊரில் களத்துமேட்டிலும் கடையிலும் ஏமாறாமல் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்கவே பாடம் இருந்தது. பின்னங்களில் அவர்கள் போன ஆழம் வியப்பூட்டுகிறது. மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லித்தருவான். மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையில் ஒரு ராணுவ அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் கையாண்டு பார்த்து, 1797இல் லண்டனில் எழுதி வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

இதைச் சொல்லிப் பழம்பெருமை பேசுவது என் எண்ணமில்லை. அந்தத் திண்ணையில் யார் உட்கார முடிந்தது என்பதும் அந்தக் கலைத்திட்டத்தின் பகுதிதான். நிலத்தில் உழைத்தவரின் பிள்ளைக்குக் குழிமாற்று சொல்லித்தரப்படவில்லை. பெண் குழந்தைகளில் மிகச் சிலரே அந்தப் பக்கம் வந்தார்கள். நெல்லை அளப்பவன் ஒருவன், அளவைச் சரிபார்க்கத் தெரியாதவன் இன்னொருவன் என்று ஊர் பிரிந்திருந்ததற்கு அந்தப் பாடமும் துணைபோனது. ஆகவே நோக்கம் என்ன என்று கேட்கும்போதே, யாருக்காக என்றும் சேர்த்துக் கேட்டாக வேண்டும்.

இப்போது வகுப்பறைக்குள் போவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி ஆசிரியையின் வகுப்பைப் பார்க்க ஓர் ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெவ்வேறு பகுதிகளைக் கொண்ட பின்னங்களைக் கூட்டுவதுதான் அன்றைய பாடம். அவர் பாடக்குறிப்பை நேர்த்தியாக எழுதியிருந்தார். மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிப்பது, பகுதிகளைச் சமமாக்குவது, தொகுதிகளைக் கூட்டுவது என்று மூன்று படிகள். கரும்பலகையில் நான்கு கணக்குகளைத் தெளிவாகப் போட்டார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது கணக்கை அவர்களே போட வேண்டும்: அரையோடு மூன்றில் ஒன்றைக் கூட்டு.

எனக்கு முன்னால் இருந்த சிறுமி 2/5 என்று எழுதினாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. அவள் தயங்கவே இல்லை.

ஆசிரியை வந்து பார்த்தார், சிவப்புப் பேனாவை எடுத்தார், பிறகு ஏனோ மூடிவிட்டார். "பாதி தோசை சாப்பிட்டாய். அப்புறம் இன்னும் கொஞ்சம் சாப்பிட்டாய். மொத்தம் பாதிக்கு மேலேயா, கீழேயா?" என்று கேட்டார். "மேலே மிஸ்" என்றாள் சிறுமி. "ஐந்து துண்டில் இரண்டு துண்டு, பாதிக்கு மேலேயா கீழேயா?" சிறுமி விரல்விட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. "கீழே..." என்றாள் மெதுவாக. ஆசிரியை அவள் நோட்டிலேயே பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட பட்டை ஒன்றை வரையச் சொன்னார். பாதிக்கு ஆறு கட்டம், மூன்றில் ஒன்றுக்கு நான்கு கட்டம். பத்துக் கட்டங்களை நிழலிட்டு முடித்தபோது, மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று பாடக்குறிப்பில் இருந்த ஐந்து கணக்குகளில் ஐந்தாவது முடியவில்லை. போர்ஷன் ஒரு நாள் பின்தங்கியது.

கல்வியியலில் மூன்று அடுக்குகளைப் பற்றிப் பேசுவார்கள்: திட்டமிட்ட கலைத்திட்டம், கற்பிக்கப்பட்ட கலைத்திட்டம், கற்றுக்கொண்ட கலைத்திட்டம். அந்த நோட்டில் மூன்றும் தெரிந்தன. பின்னம் என்றால் என்ன என்று புரிந்து கூட்ட வேண்டும் என்பது திட்டமிட்டது. மூன்று படிகள் கற்பிக்கப்பட்டது. 2/5 கற்றுக்கொண்டது. ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு வரும்போது வாய்க்கால் நீர்போல வழியிலேயே நிறைய உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எந்த வாரியத்தின் பாடநூல் சிறந்தது என்ற விவாதம் முதல் அடுக்கைப் பற்றியது மட்டுமே. குழந்தை வாழ்வது மூன்றாவது அடுக்கில்.

அதே நோட்டில் இன்னொன்றையும் பார்க்கலாம். அரை, கால் என்பவை அந்தச் சிறுமிக்குப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே தெரியும். 'அரைக்கால்' என்ற சொல்லில் பின்னப் பெருக்கலே அடங்கியிருக்கிறது: காலில் பாதி. தொடக்க வகுப்பில் காகிதத்தை மடிக்கிறாள், நடுநிலையில் கூட்டுகிறாள், பெருக்குகிறாள், பின்னர் விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று அதே கருத்து ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் உயரத்தில் திரும்பி வருகிறது. 1960இல் ஜெரோம் புரூனர் இதற்குச் சுருள் முறை என்று பெயர் வைத்தார். படிக்கட்டுபோல ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவாமல், சுருளாக அதே இடத்துக்கு மேலிருந்து திரும்பி வருவது. இந்த அமைப்பின் பலவீனமும் இதிலேயே இருக்கிறது. கீழ்ச் சுற்றில் ஒரு குழந்தை தவறிவிட்டால் மேல் சுற்று எல்லாம் அந்தரத்தில் நிற்கும். எட்டாம் வகுப்பில் சதவீதம் வராத மாணவர் பலருக்கு உண்மையில் வராதது பின்னம்தான்.

கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்தத் தவறல் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே சமயத்தில் நேர்ந்தது. 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அதனால்தான் வகுப்பை விட்டு நிலையைப் பார்த்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை உள்ள குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் இருக்கும் இடத்திலிருந்து கற்பிக்க முயன்றது. அடுத்த ஆண்டு நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. இணையவழிப் பதிவேற்றச் சுமை பற்றி ஆசிரியர்களுக்கு நியாயமான மனக்குறை உண்டு. ஆனால் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு குழந்தை மூன்றாம் வகுப்புப் பாடத்துக்குத் தயாராகிவிடவில்லை என்று ஓர் அரசுத் திட்டம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதை நான் பெரிதாகவே நினைக்கிறேன்.

எழுதப்படாத பாடங்களும் உண்டு. அவற்றை மறைகலைத்திட்டம் என்பார்கள். 1968இல் பிலிப் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளை உட்கார்ந்து கவனித்து இதைச் சுட்டிக்காட்டினார். வரிசையில் நில், கேட்டால் மட்டும் பேசு, பெரியவர் சொல்வதே சரி என்பதெல்லாம் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள் தினமும் நடத்தப்படுகிறது. நம் பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' பட்டியல் ஒன்று தயாராகும். உதவி தேவைப்படும் மாணவரை அடையாளம் காணத்தான் அது. ஆனால் பெயர்களை வகுப்பில் உரக்கப் படித்து, மாலைச் சிறப்பு வகுப்புக்கு நிறுத்தும்போது அந்தக் குழந்தை கற்றுக்கொள்வது வேறு. நானும் அப்படிப் பெயர்களைப் படித்திருக்கிறேன். அந்த முகங்களில் சில இன்றும் நினைவில் இருக்கின்றன, அதற்காக வருந்துகிறேன்.

அட்டவணையில் இருந்தும் நடக்காதவை இன்னொரு வகை. கணக்கு வாத்தியார் கேட்டால் உடற்கல்விப் பாடவேளை அவருக்குப் போய்விடும். நூலகப் பாடவேளை திருப்புதல் தேர்வுக்குப் போய்விடும். ஓவியம், இசை, கைத்தொழில் எல்லாம் டிசம்பருக்குப் பிறகு காணாமல் போகும். ஒரு மாணவி ஓடவும் பாடவும் கூடியவளாக இருந்தும், அவை முக்கியமில்லாதவை என்ற பாடத்தைத்தான் அதன் வழியே கற்கிறாள்.

டைலரின் நான்காவது கேள்விக்கு இப்போது வரலாம். மதிப்பீடு கடைசியில் வரவேண்டியது. நம்மிடம் அது முதலில் வந்து உட்கார்ந்துகொண்டு மற்ற மூன்றையும் தீர்மானித்தது. இதைப் பதினொன்றாம் வகுப்பின் கதையைப் போல வேறு எதுவும் தெளிவாகக் காட்டாது.

1978இல் மேல்நிலைப் படிப்பு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தபோது அது ஈராண்டுப் படிப்பு. பதினொன்றில் அடித்தளம், பன்னிரண்டில் கட்டடம். ஆனால் பொதுத்தேர்வு பன்னிரண்டில் மட்டும். தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை நீக்கி 2006இல் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பில் பணம் கட்ட முடியாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது கதவைத் திறந்தது, அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். கூடவே வேறொன்றும் நடந்தது. பொறியியல் சேர்க்கைக்கு கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கட்-ஆஃப். அந்த மதிப்பெண்கள் முழுவதும் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து. அப்படியானால் பதினொன்றாம் வகுப்பு எதற்கு?

பல தனியார் பள்ளிகள் இந்தக் கேள்விக்குத் தயக்கமின்றி விடை கண்டன. பதினொன்றில் சேர்ந்த மாணவருக்குச் சில மாதங்களிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் தொடங்கின. ஒரே புத்தகத்தை ஈராண்டு படித்தார்கள். பின்பக்க வினாக்கள், பழைய வினாத்தாள்கள், எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் வரும் என்று சொல்லும் புளூபிரின்ட். புளூபிரின்ட் கையில் இருந்தால் சில பாடங்களைத் திறக்காமலே 'சென்டம்' வாங்கலாம். மாநிலத்தின் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு இருந்தது, பாடநூல் அச்சாகி வந்தது, கட்டணம் வாங்கப்பட்டது. மாணவரின் தலைக்குள் மட்டும் அது போகவில்லை. நியூட்டனின் இயக்க விதிகளும், வெப்ப இயக்கவியலும், முக்கோணவியலும், நுண்கணிதத்தின் தொடக்கமும் பதினொன்றில்தான் இருக்கின்றன. கணிதத்தில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் முதல் பருவத்திலேயே கணிதத் தாளில் தோற்று வந்து நின்றபோது பெற்றோருக்குப் புரியவில்லை. அந்த மாணவர்கள் சோம்பேறிகள் இல்லை. அவர்கள் சுருளின் ஒரு சுற்றையே தாண்டி வந்தவர்கள். பிறகு மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தபோது, இரண்டு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் வினா வரும் அந்தத் தேர்வில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாகத் தெரிந்தது.

2017இல் அரசு இதற்கு வைத்தியம் பார்த்தது. அந்த ஆண்டு மே மாதத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற அறிவிப்பு நிறுத்தப்பட்டது. 2017-18 முதல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு. 1,200 மதிப்பெண் ஆண்டுக்கு 600 என்று பிரிந்தது. புளூபிரின்ட் போனது. 2018-19இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்கு கியூஆர் குறியீடு போட்ட புதிய பாடநூல்கள் வந்தன. பதினொன்றாம் வகுப்பு அறிவியல் நூல்களின் தரத்தைப் பலரும் பாராட்டினார்கள்; அவற்றின் கனத்தைக் கண்டு ஆசிரியர்கள் திகைத்ததும் உண்மை. பாடம் நடந்தது. தேர்வு வந்ததால் நடந்தது.

ஆனால் 2018 செப்டம்பரிலேயே, கல்லூரிச் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டும் போதும் என்று அரசு சொல்லிவிட்டது. அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று பொதுத்தேர்வு எழுதுவது பிள்ளைகளை நசுக்குகிறது என்ற குரலும் வலுத்தது. அந்தக் குரலில் நியாயம் இருந்தது. பதினைந்து வயதில் தூக்கம் கெட்ட பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கும் முடிவை அறிவித்தது.

ஆக, தேர்வு இல்லாதபோது பாடம் மறைந்தது. தேர்வு வந்தபோது பாடமும் அதன் சுமையும் சேர்ந்து வந்தன. இப்போது மீண்டும் தேர்வு போயிருக்கிறது. பாடம் நடக்கிறதா என்பதைத் தேர்வைத் தவிர வேறு எதைக்கொண்டும் உறுதிசெய்ய நாம் பழகவில்லை. 2012-13இல் எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையோடு வந்த மதிப்பீடு இதற்கு நல்ல வழி ஒன்றைக் காட்டியது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. வளரறி என்றால் கற்றுக்கொண்டிருக்கும்போதே பார்ப்பது, அந்தப் பயிற்சி ஆசிரியை சிவப்புப் பேனாவை மூடிவிட்டுத் தோசையைக் கேட்டாரே, அதுதான். நடைமுறையில் அந்த 40 மதிப்பெண் பல இடங்களில் கடையில் வாங்கி ஒட்டிய படங்களோடு சார்ட் அட்டைகளாகச் சுவரில் தொங்கியது. ஆசிரியருக்கு அறுபது பிள்ளைகளும் இருபது பதிவேடுகளும் இருந்தால் தோசையைப் பற்றிக் கேட்க நேரம் எங்கிருந்து வரும்? வகுப்பில் மாணவர் எண்ணிக்கையும் காலிப் பணியிடமும் கலைத்திட்ட ஆவணங்களில் இடம்பெறுவதில்லை. ஆனால் எந்த நிபுணர் குழுவைவிடவும் அவைதான் கலைத்திட்டத்தை எழுதுகின்றன.

பெற்றோர் என்னிடம் "எந்த சிலபஸ் நல்லது?" என்று இப்போதும் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் பிள்ளையின் கணக்கு நோட்டைக் கொண்டுவரச் சொல்கிறேன். கரும்பலகையிலிருந்து பார்த்து எழுதிய கணக்கு எது, பிள்ளை தானே போட்டது எது, தவறு எங்கே நேர்ந்தது, அந்தத் தவறைப் பற்றி யாராவது அவனோடு பேசியிருக்கிறார்களா என்பதையெல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். மேல்நிலை வகுப்பில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. செப்டம்பரில், காலாண்டுத் தேர்வு முடிந்ததும், பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவரின் பையைத் திறந்து எந்த வகுப்பின் இயற்பியல் புத்தகம் இருக்கிறது என்று பாருங்கள்.